திருத்தினால் தெரியுமா, தெரிந்தால் எந்த ஏட்டை ஏற்பது? பிளாக்செயின் கணக்கு குறித்து ஒரு கேள்வி

ஜெலுத்தோங் பொருளாளர் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். பினாங்கு ஜெலுத்தோங் வட்டாரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நிர்வாகக் குழுவில் நான் பொருளாளராக இருக்கிறேன். பராமரிப்புக் கட்டணம், சேமநிதி, பழுதுபார்ப்புச் செலவு எல்லாவற்றையும் குழுவினர் ஐவரும் திறந்து எழுதக்கூடிய ஒரே கணினிக் கோப்பில் பதிந்து வருகிறோம். சென்ற ஆண்டுக் கூட்டத்துக்கு முந்தைய இரவு பற்றுச்சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒப்பிட்டபோது, தண்ணீர்ப் பம்பு பழுதுபார்த்த வகையில் சீட்டில் 3,800 ரிங்கிட் என்றும் கோப்பில் 8,300 ரிங்கிட் என்றும் இருந்தது. யார் மாற்றினார், எப்போது மாற்றினார், கைதவறியதா வேண்டுமென்றே செய்ததா என்பது இன்றுவரை தெரியவில்லை. நாங்கள் ஐவரும் பல ஆண்டுகளாக ஒருவரையொருவர் நம்பிப் பழகியவர்கள். அந்த இரவுக்குப் பிறகு அந்த நம்பிக்கையில் விரிசல் விழுந்துவிட்டது என்பதுதான் பணத்தைவிட எனக்குப் பெரிய வருத்தம்.

இப்போது மென்பொருள் விற்பனையாளர் ஒருவர் எங்களை அணுகியிருக்கிறார். பிளாக்செயினில் எழுதியதை எவராலும் மாற்ற முடியாது, மூன்று சர்வர்களில் நகல் இருக்கும், ஒன்றில் கைவைத்தால் மற்ற இரண்டும் உடனே கண்டுபிடித்துவிடும் என்கிறார். விவரம் அறிந்தவர்களிடம் கேட்கிறேன்: அந்தக் கணினிகள் திருத்தத்தை உண்மையில் எப்படிக் கண்டுபிடிக்கின்றன? கண்டுபிடித்த பின் எந்த நகல் சரி என்று தங்களுக்குள் எப்படி முடிவுக்கு வருகின்றன? விளம்பரத்தில் வரும் விளக்கம் வேண்டாம். உள்ளே நடப்பது என்ன என்பதைச் சொல்லுங்கள்.

செந்தூல் கணக்காளர்

பொருளாளர் அவர்களே, பிளாக்செயினைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. 31 ஆண்டுகள் கணக்கு எழுதியவன் என்ற முறையில், உங்கள் பம்புச் செலவைப் பற்றி மட்டும் ஒன்று சொல்கிறேன். 8,300இலிருந்து 3,800ஐக் கழித்தால் 4,500; அது 9ஆல் மீதியின்றி வகுபடும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வரும் வேறுபாடு எப்போதும் 9ஆல் வகுபடும் என்பது பழைய கணக்குப்பிள்ளைகள் எல்லாரும் அறிந்த சோதனை. ஆகவே கைதவறி இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நினைக்கிறேன். நண்பர்கள்மேல் ஐயம் கொள்ளுமுன் இதை எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்று. பேரேட்டில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் தொகை கூட்டி, அடுத்த பக்கத்தின் தலையில் 'முன்பக்கத்திலிருந்து கொண்டுவந்தது' என்று எழுதுவோம். பழைய பக்கத்தில் ஒரு தொகையை மாற்றினால் அடுத்த பக்கத்தின் தலைத்தொகை இடிக்கும். இந்தப் பிளாக்செயினும் இதே முறையைத்தான் பின்பற்றுகிறதா?

பாயான் லெப்பாஸ் பொறியாளர்

கணக்காளர் ஐயா சொன்ன 'கொண்டுவந்தது' என்பதைக் காட்டிலும் நல்ல தொடக்கம் எனக்குக் கிடைக்காது. முறை அதேதான், ஆனால் அந்தத் தொகைக்கு ஒரு பலவீனம் உண்டு, பிளாக்செயின் அடைப்பது அந்த ஓட்டையைத்தான். பழைய பக்கத்தில் பம்புச் செலவை 4,500 கூட்டிவிட்டு, அதே பக்கத்தில் வேறொரு செலவை 4,500 குறைத்துவிட்டால் பக்கத்தொகை மாறாது. தேதிகளை மாற்றினாலும், பெயர்களை மாற்றினாலும், வரிகளை முன்பின்னாக அடுக்கினாலும் தொகை அப்படியேதான் இருக்கும்.

தொகைக்குப் பதிலாகப் பிளாக்செயினில் வருவது ஹாஷ். ஷா-256 என்னும் கணக்கீட்டில் ஒரு பக்கம் எழுத்தைக் கொடுத்தாலும் ஒரு நூலகத்தையே கொடுத்தாலும் 64 எழுத்து நீளமுள்ள ஒரே அளவான குறி கிடைக்கும். உள்ளே ஒரு காற்புள்ளியை நீக்கினால் குறியின் 256 பிட்டுகளில் ஏறத்தாழப் பாதி மாறிவிடும். ஒன்றைக் கூட்டி ஒன்றைக் குறைத்துப் பழைய குறியையே வரவழைக்கும் வழி இதுவரை எவருக்கும் தெரியாது.

பிட்காயினை எடுத்துக்கொள்வோம். பேரேட்டின் ஒரு பக்கம்போல் பரிவர்த்தனைகளைத் தொகுத்து எழுதுவதே பிளாக். ஒவ்வொரு பிளாக்குக்கும் 80 பைட் அளவில் ஒரு தலைப்பு உண்டு. முந்தைய பிளாக்கின் ஹாஷ், இந்தப் பிளாக்கில் உள்ள எல்லாப் பரிவர்த்தனைகளுக்கும் சேர்த்து எடுத்த ஒரே ஹாஷ், நேரம், கடின அளவு போன்றவை அந்த 80 பைட்டுக்குள் அடங்கும். பரிவர்த்தனைகளை இரண்டிரண்டாகச் சேர்த்து, அந்தச் சோடிகளை மீண்டும் இரண்டிரண்டாகச் சேர்த்து, மரம்போல் மேலேறி ஒரே உச்சியில் முடிப்பது ரால்ஃப் மெர்கிள் 1979இல் வகுத்த முறை. 4,096 பரிவர்த்தனைகள் கொண்ட பிளாக்கில் உங்களுடையது இருக்கிறதா என்று நிறுவ 12 ஹாஷ்கள் போதும். மற்ற 4,095ஐயும் வாங்கிப் பார்க்க வேண்டியதில்லை. பழைய பரிவர்த்தனை ஒன்றில் கைவைத்தால் உச்சி மாறும். உச்சி மாறினால் தலைப்பின் ஹாஷ் மாறும். அடுத்த பிளாக் சுமந்துவரும் 'கொண்டுவந்தது' பொருந்தாமல் போகும்.

விற்பனையாளர் சொன்னதில் ஒரு பிழை உண்டு, அதைத் திருத்தியாக வேண்டும். நகல்களை அருகருகே வைத்து ஒப்பிட்டு, பெரும்பான்மை எதுவோ அது சரி என்று கணினிகள் முடிவுசெய்வதாகப் பலர் எண்ணுகிறார்கள். பிட்காயினில் நடப்பது அதுவன்று. அங்கே ஒவ்வொரு கணினியும், அதாவது ஒவ்வொரு கணுவும், தன்னிடம் வரும் பிளாக்கைத் தானே முழுமையாகச் சரிபார்க்கிறது. கையொப்பங்கள் செல்லுமா, செலவிடும் பணம் முன்பே செலவிடப்பட்டதா, வெளியே போகும் தொகை உள்ளே வந்த தொகையை மிஞ்சுகிறதா, முந்தைய பிளாக்கின் ஹாஷ் பொருந்துகிறதா, பிளாக்கின் நேரம் தன் கணக்குக்கு இரண்டு மணி நேரத்துக்குமேல் முந்திப்போகிறதா என்று பல கேள்விகளைக் கேட்டு, ஒன்று தவறினாலும் அந்தப் பிளாக்கைத் தள்ளிவிடுகிறது, வேறு எவருக்கும் அனுப்புவதும் இல்லை. அண்டைக் கணு ஆயிரம் சொன்னாலும் அது தன் கணக்கை விட்டுக்கொடுக்காது.

சரிபார்த்தால்தான் தெரியும் என்பதையும் மறக்க வேண்டாம். பழைய பிளாக்கைக் கணினியின் வட்டிலேயே திருத்திவைத்தால் அந்த நொடியில் மணி அடிக்காது. கணுக்களை இயக்கும் பிட்காயின் கோர் என்னும் மென்பொருள் தொடங்கும்போது இயல்பாகக் கடைசி 6 பிளாக்குகளைத்தான் மீண்டும் சோதிக்கிறது. பத்தாண்டுகளுக்கு முந்தைய பிளாக்கில் வந்த கெடுதல், அதை யாராவது படிக்கும்போதோ புதிய கணு ஒன்று கேட்டு வாங்கிச் சரிபார்க்கும்போதோதான் வெளிப்படும்.

பிரிக்பீல்ட்ஸ் மாணவி

பொறியாளர் அண்ணனுக்கு நன்றி. நான் கோலாலம்பூரில் கணினியியல் இறுதியாண்டு படிக்கிறேன். நேற்று இரவு என் மடிக்கணினியில் 20 பிளாக்குகளைக் கொண்ட சிறு சங்கிலி ஒன்றை எழுதி, 7ஆம் பிளாக்கில் ஓர் இலக்கத்தை மாற்றிப் பார்த்தேன். 8இல் இணைப்பு அறுந்ததாக நிரல் உடனே காட்டியது. பிறகு 8 முதல் 20 வரை எல்லா ஹாஷ்களையும் நானே மறுபடி கணக்கிட்டு எழுதினேன். கண்ணிமைக்கும் நேரம்கூட ஆகவில்லை. அதன்பின் நிரல் எந்தக் குறையும் சொல்லவில்லை. பழைய சங்கிலியும் முறையானது, புதிய சங்கிலியும் முறையானது என்றால் எது உண்மை? ஒருவர் ஆயிரம் போலிக் கணுக்களை இயக்கி, தன் சங்கிலியே பெரும்பான்மை என்று சொல்லிவிட முடியாதா?

பாயான் லெப்பாஸ் பொறியாளர்

தங்கையின் சோதனை சரியான இடத்தைத் தொட்டுவிட்டது. ஹாஷ் சங்கிலி அரைகுறையான திருத்தத்தைக் காட்டிக்கொடுக்கும். முழுமையாகத் திருத்தி எழுதிய ஏட்டைக் காட்டிக்கொடுக்காது. இங்கே திருத்தம் கண்டுபிடிக்கும் வேலை முடிந்து, எந்த ஏட்டை ஏற்பது என்னும் வேறு வேலை தொடங்குகிறது. விற்பவர்கள் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவதால்தான் இத்தனை குழப்பம்.

போலிக் கணுக்களை எத்தனை வேண்டுமானாலும் உருவாக்கலாம் என்பதால் பிட்காயின் தலைகளை எண்ணுவதில்லை, செய்த வேலையை எண்ணுகிறது. 2008 அக்டோபர் 31இல் சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் வெளியான கட்டுரையின் மையம் இதுதான். பிளாக்கின் ஹாஷ் ஒரு குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே விழும்வரை தலைப்பில் உள்ள ஓர் எண்ணை மாற்றி மாற்றிக் கணக்கிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சராசரியாகப் பத்து நிமிடங்களுக்கு ஒரு பிளாக் கிடைக்கும்படி 2,016 பிளாக்குகளுக்கு ஒருமுறை கடினம் தானாகச் சரிசெய்யப்படுகிறது. விதிகளுக்கு உட்பட்ட சங்கிலிகளுள் எதில் மொத்த வேலை அதிகமோ அதையே ஒவ்வொரு கணுவும் ஏற்கிறது. தங்கை கண்ணிமைக்கும் நேரத்தில் எழுதிய 13 பிளாக்குகளை அங்கே எழுத, உலகத்தின் மற்ற எல்லாரும் முன்னே ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து ஓடி அவர்களை முந்த வேண்டும்.

முந்தவே முடியாது என்று அந்தக் கட்டுரை சொல்லவில்லை, வாய்ப்பைக் கணக்கிட்டுத் தருகிறது. மொத்தக் கணிப்புத் திறனில் 10 விழுக்காட்டை வைத்திருப்பவர் 5 பிளாக்குகள் பின்தங்கியிருந்து எட்டிப்பிடிக்க வாய்ப்பு 0.0009137, ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. அவரிடம் 30 விழுக்காடு இருந்தால் அதே 5 பிளாக்குகளுக்கு 0.1773523, நூற்றுக்குப் பதினேழுக்கும் மேல். பாதிக்குமேல் இருந்தால் காலம் ஒன்றே தேவை. பிட்காயினைப் போலவே வேலையை எண்ணும் ஈதீரியம் கிளாசிக் என்னும் வலையமைப்பில் 2020 ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் ஒன்றுக்கு மேற்பட்ட முறை இது நடந்தது. ஆயிரக்கணக்கான பிளாக்குகள் பின்னோக்கிச் சென்று மாற்றி எழுதப்பட்டன. அந்தப் புதிய பிளாக்குகளில் ஒன்றின் ஹாஷ்கூடப் பிழையில்லை என்பதைக் கவனியுங்கள்.

இரண்டு நிகழ்வுகளை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. மொத்தமே 21 மில்லியன் காயின்கள்தான் என்ற விதியுள்ள பிட்காயினில், 2010 ஆகஸ்ட் 15 அன்று 74638ஆம் பிளாக்கில் 184 பில்லியன் காயின்கள் தோன்றின. கூட்டுத்தொகை கணினியின் எண் வரம்பை மீறிச் சுழன்றதால் எல்லாக் கணுக்களும் அதை முறையானது என்றே ஏற்றுக்கொண்டன. சில மணி நேரத்தில் திருத்திய மென்பொருள் வந்தது. அதை நிறுவியவர்களின் சங்கிலி வளர்ந்து பழையதை முந்தியது. எழுதிவைத்த விதிக்கு மீறியதைத்தான் இயந்திரம் கண்டுபிடிக்கும். விதியிலேயே ஓட்டை இருந்தால் எல்லாரும் ஒரே குரலில் பிழையை ஆமோதிப்பார்கள்.

மற்றொன்று 2013 மார்ச் 12, நம் நேரப்படி காலையில் நடந்தது. மென்பொருளின் 0.8 பதிப்பு ஏற்ற ஒரு பிளாக்கை 0.7 பதிப்பு ஏற்கவில்லை. உள்ளே இருந்த தரவுத்தள வேறுபாடே காரணம். சங்கிலி இரண்டாகப் பிரிந்து ஒவ்வொன்றும் தன்வழியே வளர்ந்தது. அதிக வேலை 0.8 பக்கம் இருந்தும், இந்த வேலையைச் செய்து பிளாக்குகளை உருவாக்கும் மைனிங் குழுமங்களை நடத்தியவர்கள் பேசி முடிவெடுத்து, எல்லாப் பதிப்புகளும் ஏற்கக்கூடிய 0.7 பக்கம் திரும்பினார்கள். அவர்கள் தாங்கள் ஈட்டிய பிளாக்குகளை இழந்துதான் அதைச் செய்தார்கள். ஒருமித்த முடிவு என்பதில் மனிதர்களுக்கும் பங்கு உண்டு என்று நான் கருதுவதற்கு அந்த நாள் ஒரு காரணம்.

பட்டர்வொர்த் ஆசிரியர்

நான் தினமும் பெர்ரியில் தீவுக்குச் சென்று வேலை செய்பவன். ஒரு கற்பனை: பத்துக் கணுக்களில் ஆறு தீவிலும் நான்கு பெருநிலத்திலும் இருக்கின்றன. நடுவே கடலடிக் கம்பி அறுந்துவிட்டது. இருபுறமும் கணினிகள் நன்றாகவே இயங்குகின்றன, ஆனால் ஒன்றையொன்று கேட்க முடியவில்லை. மறுபக்கம் இறந்துவிட்டதா, பேச்சுதான் எட்டவில்லையா என்று எந்தப் பக்கத்துக்கும் தெரியாது. அப்போது கணக்கு என்ன ஆகும்?

பாயான் லெப்பாஸ் பொறியாளர்

ஆசிரியர் ஐயா, இது இந்தத் துறையின் மிகப் பழைய கேள்வி. பதில் நாம் தேர்ந்த முறையைப் பொறுத்தது.

பிட்காயின் வழியில் சென்றால் இருபுறமும் நிற்காமல் எழுதிக்கொண்டே போகும். கம்பி இணைந்ததும் வேலை குறைந்த பக்கத்தின் பிளாக்குகள் கைவிடப்படும். அவற்றில் இருந்த பரிவர்த்தனைகள், மறுபக்கத்தோடு முரண்படாதவை என்றால், காத்திருப்பு வரிசைக்குத் திரும்பி மீண்டும் இடம்பெறும். ஒரே பணத்தைத் தீவில் ஒருவருக்கும் பெருநிலத்தில் ஒருவருக்கும் கொடுத்திருந்தால், ஒருவர் ஏமாந்துபோவார்.

இன்னொரு வழி வாக்கெடுப்பு வழி. லாம்போர்ட், ஷோஸ்டாக், பீஸ் மூவரும் 1982இல் தங்களுள் சிலர் துரோகிகளாக இருந்தும் ஒரே முடிவுக்கு வரவேண்டிய பைசாந்தியத் தளபதிகள் என்ற உருவகத்தில் இதை எழுதினார்கள். காஸ்ட்ரோவும் லிஸ்கோவும் 1999இல் நடைமுறைக்கு ஏற்ற வேகத்தில் செய்துகாட்டினார்கள். இதில் உறுப்பினர் யார் யார் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். பொய் சொல்லும் ஒரு கணுவைத் தாங்க மொத்தம் 4 வேண்டும், இரண்டைத் தாங்க 7, மூன்றைத் தாங்க 10. பத்தில் 7 பேர் கையொப்பமிட்டால்தான் பிளாக் ஏற்கப்படும். ஏன் 7 என்பது அழகான கணக்கு. ஒரே இடத்துக்கு இரண்டு வெவ்வேறு பிளாக்குகள் தலா 7 கையொப்பம் பெற்றுவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் பத்துப் பேர்தான். ஆகவே குறைந்தது 4 பேர் இரண்டிலும் கையொப்பமிட்டிருக்க வேண்டும். பொய்யர் அதிகபட்சம் 3 பேர் என்பதால், அந்த நால்வரில் நேர்மையானவர் ஒருவராவது இருப்பார். நேர்மையானவர் இரண்டுக்கும் கையொப்பம் இடமாட்டார். எனவே அப்படி இரண்டு பிளாக்குகள் வரவே முடியாது.

உங்கள் தீவில் 6, பெருநிலத்தில் 4. எந்தப் பக்கத்திலும் 7 இல்லை. இருபுறமும் நின்றுவிடும், கம்பி இணையும்வரை எவரும் ஒரு வரிகூட எழுத முடியாது, எவரும் ஏமாறவும் மாட்டார்கள். பிழையாக எழுதுவதைவிட எழுதாமல் இருப்பது மேல் என்ற தேர்வு இது. செய்தி எப்போது வந்துசேரும் என்பதற்கு வரம்பே இல்லாத வலையமைப்பில், ஒரே ஒரு கணு செயலிழக்கக்கூடும் என்றாலும், திட்டவட்டமான எந்த முறையாலும் கட்டாயம் முடிவுக்கு வந்துவிடுவோம் என்று உறுதியளிக்க முடியாது என ஃபிஷர், லிஞ்ச், பேட்டர்சன் மூவரும் 1985இல் நிறுவிவிட்டார்கள்.

ஈதீரியம் என்னும் மற்றொரு பெரிய பிளாக்செயின் 2022 செப்டம்பர் 15 முதல் இரண்டுக்கும் இடைப்பட்ட வழியில் செல்கிறது. 12 நொடிக்கு ஓர் இடம் ஒதுக்கி பிளாக்குகள் வந்துகொண்டே இருக்கும். ஆனால் உறுப்பினர்கள் பிணையாக வைத்த வைப்புத்தொகையில் மூன்றில் இரண்டு பங்கு வாக்களித்தால்தான் அவை இறுதியாகும். 2023 மே 11, 12 ஆகிய நாள்களில் போதிய வாக்குகள் சேராமல் இறுதியாவது சிறிது நேரம் தடைப்பட்டது. பிளாக்குகள் வருவது நிற்கவில்லை. ஈதீரியத்தின் நாணயமான ஈதரில் 32 வைப்பு வைத்துச் சேர்ந்த ஒருவர் ஒரே இடத்துக்கு முரணான இரண்டு வாக்குகளில் கையொப்பமிட்டால், அந்த இரண்டு கையொப்பங்களே அவருக்கு எதிரான சான்று. யார் வேண்டுமானாலும் அவற்றை முன்வைக்கலாம்; அவருடைய வைப்பில் ஒரு பகுதி பறிக்கப்படும், அவரும் வெளியேற்றப்படுவார்.

செந்தூல் கணக்காளர்

வாக்கெடுப்பு விளக்கத்தைக் காகிதத்தில் பத்து வட்டங்கள் போட்டுச் சரிபார்த்தேன், மிகச் சரி. ஆனால் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. பற்றுச்சீட்டில் 3,800 என்று இருந்து, முதல்முறை பதியும்போதே 8,300 என்று எழுதிவிட்டால் இந்தக் கணுக்களில் எது கண்டுபிடிக்கும்?

பாயான் லெப்பாஸ் பொறியாளர்

எதுவும் கண்டுபிடிக்காது ஐயா. பொய்யான பதிவையும் மெய்யான பதிவையும் அவை ஒரே அக்கறையோடு காக்கும். நம் நாட்டிலேயே 2018இல் கல்வி அமைச்சு பட்டச் சான்றிதழ்களைச் சரிபார்க்க ஈ-ஸ்க்ரோல் என்னும் பிளாக்செயின் முறையை அறிமுகப்படுத்தியது. அத்தகைய முறை, சான்றிதழ் வெளியான பின் மாற்றப்பட்டதா என்பதைத்தான் சொல்லும். மாணவர் தேறினாரா என்பதற்குப் பல்கலைக்கழகமே பொறுப்பு.

ஜெலுத்தோங் பொருளாளர்

நேற்று விற்பனையாளரிடம் மூன்று கேள்விகள் கேட்டேன். மூன்று சர்வர்களும் யாருடையவை? அவருடைய நிறுவனத்துடையவை. முடிவெடுக்கும் முறை என்ன? ராஃப்ட். எங்கள் குடியிருப்பாளர் ஒருவர் தம் கணினியில் நகல் வைத்துத் தாமே சரிபார்க்க முடியுமா? முடியாது, ஆனால் இணையப் பக்கத்தில் பார்க்கலாம் என்றார்.

பாயான் லெப்பாஸ் பொறியாளர்

ராஃப்ட் நல்ல முறை; ஓங்காரோவும் ஆஸ்டர்ஹவுட்டும் 2014இல் வெளியிட்டது, உலகெங்கும் பயன்படுகிறது. ஆனால் அது தாங்குவது செயலிழப்பை மட்டுமே. ஒரு கணு நின்றுபோனால் சமாளிக்கும். பொய் சொன்னால் அதைத் தடுக்க அதில் எதுவும் இல்லை. மூன்று சர்வர்களும் ஒரே கையில் இருக்கும்போது, தங்கை 13 பிளாக்குகளை மாற்றி எழுதியதுபோல் அந்தக் கை எல்லாவற்றையும் மாற்றி எழுதலாம், மூன்றும் ஒத்துப்போகும். அவர் அப்படிச் செய்வார் என்று நான் சொல்லவில்லை. செய்தால் உங்களுக்குத் தெரியாது என்று மட்டும் சொல்கிறேன்.

உங்களுக்கு வேண்டியது, மாற்றி எழுத முடியாத ஓர் இடத்தில், பலர் கண்ணில் படும்படி, உங்கள் கோப்பின் ஹாஷ் இருப்பதே. பிட்காயினுக்கு முன்பே, 1991இல் ஹேபரும் ஸ்டார்னெட்டாவும் ஆவணங்களுக்குக் கால முத்திரை இட ஹாஷ் சங்கிலியை முன்மொழிந்தார்கள். பிறகு அவர்கள் தொடங்கிய நிறுவனம் 1995 முதல் வாரந்தோறும் ஒரு ஹாஷை நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் அச்சிட்டு வந்தது. வீடுவீடாகப் போய்ச்சேர்ந்த தாளை எவர் திரும்ப வாங்கித் திருத்த முடியும்?

ஜெலுத்தோங் பொருளாளர்

ஆறு வாரங்களுக்குப் பின் எழுதுகிறேன். விற்பனையாளருக்கு நன்றி கூறி அனுப்பிவிட்டோம். மாதக் கடைசியில் கணக்கை முடித்து, பற்றுச்சீட்டுகளின் படங்களையும் சேர்த்து ஒரே கோப்பாக்கி, அதன் ஹாஷை எடுக்கிறோம். அடுத்த மாதக் கோப்பின் முதல் வரியில் அந்த ஹாஷ் 'கொண்டுவந்தது' என்று ஏறுகிறது. பதிபவர் ஒருவர், சீட்டோடு ஒப்பிடுபவர் இன்னொருவர் என்று கணக்காளர் ஐயாவின் கேள்விக்காகவே பிரித்துக்கொண்டோம். ஹாஷை ஒரு தாளில் எழுதி, குழுவினர் ஐவரும் கையொப்பமிட்டு, தரைத்தளத்தில் மின்தூக்கிக்கு அருகில் உள்ள அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறோம். கோப்பைக் குடியிருப்பாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறோம். தாளைப் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள் என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறோம்.

முதல் தாளை ஒட்டிய மறுநாள், ஒன்பதாம் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற தாதி ஒருவர் என்னை அழைத்தார். அவருடைய பேரனைக் கொண்டு கோப்பின் ஹாஷை எடுத்து, மூக்குக் கண்ணாடியோடு பலகை முன் நின்று ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டிருக்கிறார். 41ஆம் இடத்தில் கோப்பு காட்டுவது பி (b) என்னும் ஆங்கில எழுத்து, தாளில் இருப்பது 6 என்னும் எண் என்றார். நான் கையால் எழுதும்போது நேர்ந்த பிழை அது. அன்று மாலையே ஐவரும் மீண்டும் கூடி, அச்சிட்ட தாளில் கையொப்பமிட்டோம். பழைய தாளையும் அடித்து, காரணம் எழுதி, அதன் பக்கத்திலேயே ஒட்டியிருக்கிறோம்.